ஓடுபாதையில் பதிவான நாய்

எடைக்காரருக்கு விமானம் என்றால் பயம். அந்தத் தகுதியின் பேரில்தான் அவரை விமானப் பாதுகாப்பு அதிகாரியாக நியமித்தார்கள்.

அதற்கு முன்னால் அவர் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். மலைக்கு இந்தப் பக்கம் இருந்த சிறு ஊருக்கும் அந்தப் பக்கம் இருந்த பெரிய நகரத்துக்கும் நடுவே ஒரே ஒரு விமானம் பறந்தது. உள்ளே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. கேப்டனே தவழ்ந்துதான் தன் இருக்கைக்குப் போவார். அவ்வளவு சின்ன விமானம் என்பதால் பெட்டிகளோடு பயணிகளையும் எடை போட வேண்டும். பெண்கள் தராசில் ஏறினால் எடைக்காரர் எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார். குறித்துக்கொண்டு, “சரிங்கம்மா, இறங்குங்க” என்பார். அந்த நாகரிகத்துக்காக ஊரில் அவருக்கு நல்ல பெயர். வேறு எதற்காகவும் அவருக்குப் பெயர் கிடைத்ததாக அவருக்கே நினைவில்லை.

ஒரு நாள் வான்வழிப் பாதுகாப்பு இயக்ககத்திடமிருந்து புது விதி வந்தது. சிறு விமான நிறுவனங்கள் எல்லாம் தனியாக ஒரு பாதுகாப்பு அதிகாரியை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் விமானியாக இருக்கக் கூடாது, பொறியாளராக இருக்கக் கூடாது, நிர்வாகியாகவும் இருக்கக் கூடாது. அப்போதுதான் பாரபட்சம் இருக்காதாம். நிறுவனத்தின் மேலாளர் எடைக்காரருடைய மனைவிக்கு அண்ணன். விதியை இரண்டு முறை படித்துவிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“மாப்ள, விமானத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆள்தான் வேணுமாம். நம்மகிட்ட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.”

“எனக்குப் பயம் மச்சான். அது மேல ஏறினாலே குமட்டுது.”

“பாதுகாப்புக்குப் பயந்த ஆள்தானே வேணும். தைரியசாலியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

மச்சானுக்கு எதிரே எடைக்காரருக்கு எப்போதுமே பதில் வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றும். அதற்குள் அவர் பெயர் இயக்ககத்துக்குப் போய்விட்டிருந்தது.

பயம் இருந்தாலும் அந்த விமானம் பறந்தே ஆக வேண்டும் என்று ஊரில் மற்றவர்களைவிட அதிகம் விரும்பியவரும் அவர்தான். அவருடைய மனைவி நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வாரக் கடைசியில் விமானத்தில் இடம் காலியாக இருந்தால் ஊழியர் குடும்பம் என்ற சலுகையில் ஏறி வந்துவிடுவாள். பேருந்தில் வந்தால் மலை வளைவுகளிலேயே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். திரும்பிப் போக இன்னொரு பகல். விடுமுறை பேருந்திலேயே முடிந்துவிடும். ஆக, விமானம் நின்றால் எடைக்காரரின் இல்லறம் தொலைபேசியோடு சரி. அவர் சமைப்பதில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்று பெருமைப்படுவார். குறை சொல்ல வீட்டில் யாரும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பாதுகாப்பு அதிகாரியின் முதல் கடமை, காலாண்டுக்கு ஒரு முறை ஆபத்து அறிக்கை அனுப்புவது. ‘இக்காலாண்டில் கண்டறியப்பட்ட ஆபத்துகள்’ என்ற தலைப்புக்குக் கீழே அவர் நல்ல கையெழுத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். அடுத்த முறையும் அப்படியே எழுதினார். கேப்டன் பெரிய விமானங்களில் காலமெல்லாம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கவனமான மனிதர். வண்டியும் நன்றாக இருந்தது. உண்மையிலேயே எதுவும் இல்லை.

இயக்ககத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் பிரிவு அலுவலர். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“சார், ஆபத்தே இல்லைன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா சார். இல்லை.”

“மத்த நிறுவனங்கள் எல்லாம் எவ்வளவு அழகா ஆபத்து காட்டுறாங்க தெரியுமா? ஒருத்தர் போன தடவை முழு பக்கமும் நிரப்பியிருந்தார். உங்களுக்கு மட்டும் இல்லைன்னா என்ன அர்த்தம்? ஒண்ணு, நீங்க பார்க்கலை. இல்ல, பார்த்து மறைக்கிறீங்க. ரெண்டுமே ஆபத்து.”

“அப்ப அதையே எழுதட்டுமா சார்?”

அதை நிறுவனம் எழுதக் கூடாது என்றும், இயக்ககம்தான் நிறுவனத்தின்மேல் எழுதும் என்றும், எழுதினால் உரிமம் நிற்கும் என்றும் பிரிவு அலுவலர் விளக்கினார். நல்ல மனிதர், கடைசியில், சின்னதாக ஒன்று இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

அன்று மதியம் மேலாளர் அறையில் மேலாளர், கேப்டன், எடைக்காரர் மூன்று பேரும் உட்கார்ந்து ஓர் ஆபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பறவை என்று எழுதலாமா என்றார் எடைக்காரர். பறவை வந்தால் பறவை நிபுணர் வருவார், அவர் தங்க அறை பார்க்க வேண்டும் என்று மேலாளர் மறுத்தார். எஞ்சின் சத்தம் என்றதும் கேப்டன் முகம் சுண்டிவிட்டது. அவர் வண்டியில் குறை சொல்ல அவர் விடமாட்டார். ஓடுபாதையில் நாய் என்று மேலாளர் சொன்னபோது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நாயால் யாருடைய பெயரும் கெடாது. நாய் எங்கேயும் இருக்கும். இல்லாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

“என்ன நிறம்னு கேட்டிருக்கான்” என்றார் எடைக்காரர்.

“கறுப்புன்னு போடுங்க மாப்ள. தூரத்துல எல்லாமே கறுப்புதான்.”

கேப்டன் ஜன்னல் வழியே பார்த்தபடி சொன்னார். “இடது காது மடிஞ்சிருக்கட்டும். அப்பத்தான் நம்புவாங்க.”

இடது காது மடிந்தது. படிவத்தில் அடுத்து ‘நாயின் நோக்கம்’ என்று ஒரு கேள்வி இருந்தது. எடைக்காரர் நேர்மையாக ‘தெரியவில்லை’ என்று எழுதினார். நோக்கம் தெரியாத நாய் முதல்நிலை ஆபத்து என்று குறிப்பெழுதி அதைத் திருப்பி அனுப்பினார்கள். ‘நல்லெண்ணம்’ என்று மாற்றியதும் மூன்றாம் நிலைக்கு இறங்கிவிட்டது. கூடவே, நிலையத்தின் விழிப்புணர்வைப் பாராட்டி ஒரு கடிதமும் வந்தது. அவர் வாழ்க்கையில் எழுத்தில் வந்த முதல் பாராட்டு அது. இல்லாததைப் பார்த்ததற்காக வந்தது என்பதை மறந்துவிட்டு அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

ஆனால் அதோடு விடவில்லை. பதிவான ஆபத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். அவசரப்பட்டு முடித்துவிடவும் கூடாது, முடித்தால் கணக்கில் ஆபத்து குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு காலாண்டும் எடைக்காரர் நாயைப் பற்றி எழுதினார். முதலில் இரண்டு வரி. போகப் போக எழுத்து கூடிவந்தது. மழையில் அது விமானக் கொட்டகையின் ஓரமாக ஒதுங்கி நின்றதை எழுதினார். எஞ்சின் சத்தம் கேட்டதும் தானாகவே விலகக் கற்றுக்கொண்டதை எழுதினார். ஒரு முறை அது தராசின்மேல் ஏறி உட்கார்ந்ததாக எழுதிவிட்டு, இது ஆபத்து ஆகாதே என்று அடித்தார். மனமில்லாமல்தான் அடித்தார். மனைவி தொலைபேசியில் கூப்பிட்டால், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் “இன்னைக்கு நாய் என்ன பண்ணுச்சு?” என்று கேட்கத் தொடங்கினாள். இவர் சொல்வார். வார்டில் இருக்கும் மற்ற நர்ஸ்களும் கேட்டுச் சிரிப்பது இவருக்குக் கேட்கும். தன்னைப் பற்றிச் சொல்ல அவரிடம் அவ்வளவு எப்போதும் இருந்ததில்லை.

உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. நேரில் ஆய்வு செய்ய இயக்ககத்தின் இணை இயக்குநரே வருவதாகத் தகவல். மேலாளர் ஓடுபாதையைப் பெருக்கச் சொன்னார், கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டார். தகவலின் கடைசி வரியைப் பிறகுதான் கவனித்தார்கள்: ஆய்வின்போது பதிவான ஆபத்தைக் கையாளும் முறை செய்து காட்டப்பட வேண்டும், அதற்கு ஆபத்து நேரில் ஆஜராக வேண்டும்.

“நாயா?” என்றார் எடைக்காரர்.

“நாய்தான் மாப்ள. ஏற்பாடு பண்ணுங்க. நீங்கதானே வளர்த்தீங்க.”

இறைச்சிக் கடைக்காரரிடம் ஒரு கறுப்பு நாய் இருந்தது. காதும் மடிந்துதான் இருந்தது, ஆனால் வலது காது. கடை மூடுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற பேச்சோடு கடைக்காரர் கயிற்றைக் கையில் கொடுத்தார். உண்மையான நாய்களுக்கும் எடைக்காரர் பயந்தவர். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் தள்ளியே நடந்தார். நாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆய்வு நாள் காலையில் இடம் பழகட்டும் என்று நாயை ஓடுபாதை நெடுக நடத்திப் போனார். முந்திய வாரம் பெய்த மழையில் ஓரமெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. விமானம் வந்து முதலில் சக்கரம் பதிக்கும் முனைக்குப் போனபோது காலடிச் சத்தம் மாறியது. தாரின்மேல் நடந்தால் கேட்கும் சத்தம் இல்லை. காலிப் பெட்டியின்மேல் நடப்பதுபோல இருந்தது. இன்னும் ஒரு அடி வைத்தார். தார் உடைந்து அவருடைய வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போயிற்று. மழைத் தண்ணீர் அடியில் இருந்த மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போயிருந்தது; மேலே தார் மட்டும் தோல் போல நின்றது. அவர் உட்கார்ந்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமெல்லாம் இருட்டாகக் கூடாகக் கிடந்தது. தன் எடை அவருக்குத் தெரியும். விமானத்தின் எடையும் தெரியும். அன்று விமானத்தில் வருகிறவர்களின் எடையெல்லாம் நகரத்திலிருந்து ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். அதில் ஒன்று அவருடைய மனைவியுடையது.

நாய் பள்ளத்தின் ஓரத்தில் படுத்து அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

அவர் நொண்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தபோது இணை இயக்குநர் ஜீப்பில் வந்து இறங்கி, எல்லாருக்கும் பளபளக்கும் மஞ்சள் சட்டை மாட்டிவிட்டிருந்தார். பயணிகளை வழியனுப்ப வந்த ஒரு பெரியம்மாளுக்கும் ஒன்று மாட்டியிருந்தார். அவசர நேரத்தில் கூடுவதற்கான இடம் எங்கே என்று கேட்டார், வேப்பமரத்தைக் காட்டினார்கள். மரம் விழாது என்பதற்குச் சான்று கேட்டார். இருக்கும் இடத்தில்தான் இத்தனை காலமாக நிற்கிறது என்று மேலாளர் சொன்னதை வாய்மொழிச் சான்றாக ஏற்றுக்கொண்டார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு சிறிது பேசினார்.

“விபத்து நடந்தா ஒரு விமானத்துக்குத்தான் சேதம். கோப்பு சரியில்லைன்னா இயக்ககத்துக்கே சேதம். அதை எப்பவும் மனசுல வச்சுக்கணும்.”

எல்லாரும் மனதில் வைத்துக்கொண்டார்கள். அடுத்து நாயைக் கொண்டுவரச் சொன்னார். குனிந்து காதைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி காதைப் பார்த்தார்.

“பதிவுல இடது காது. இது வலது.”

மேலாளர் சட்டென்று முன்னால் வந்தார். “நாங்க எப்பவும் எதிர்ப்பக்கமா நின்னுதான் சார் பார்த்திருக்கோம்.”

இணை இயக்குநர் தன் இடது கையையும் வலது கையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் ‘பார்வைக் கோணத்தால் ஏற்பட்ட மாறுபாடு’ என்று ஓரத்தில் எழுதினார். நாய் அவருடைய காலணியின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

அந்த இடைவெளியில் எடைக்காரர் பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். சேறு அப்பிய காலைத் தூக்கிக் காட்டியே சொன்னார். முழுவதும் கேட்டுக்கொண்ட பிறகு இணை இயக்குநர் அவரைக் கொஞ்சம் தனியாக அழைத்துப் போனார். அவர் குரலில் ஒரு தகப்பனின் கரிசனம் இருந்தது.

“நான் விலங்குகள் பிரிவு. ஓடுபாதை வேற பிரிவு. அவங்க போன மாசம்தான் இந்த ஓடுபாதையைப் பாஸ் பண்ணியிருக்காங்க. பாஸ் ஆன ஓடுபாதையில பள்ளம் இருக்க முடியாது. அப்படியே இருந்தாலும் அது பாஸ் ஆனதுக்கு அப்புறம் வந்த பள்ளம். அடுத்த ஆய்வு வரைக்கும் அது பள்ளம் கிடையாது.”

“வந்து ஒரு தடவை பாருங்க சார். பக்கத்துலதான்.”

“பார்த்தா எனக்குத் தெரிஞ்சதா ஆகிடும். தெரிஞ்சா பொறுப்பாகிடும். நான் இத்தனை வருஷம் சர்வீஸ்ல ஒரு பள்ளத்தையும் பார்த்ததில்ல.” இதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

வானொலி அறையில் போய்ச் சொல்லிவிடலாம் என்று எடைக்காரர் திரும்பினார். இணை இயக்குநர் கூடவே நடந்தார். ஓடுபாதையைப் பற்றி வானொலியில் பேசும் தகுதி ஓடுபாதைப் பிரிவின் அதிகாரிக்கு மட்டுமே உண்டு என்றும், தகுதியில்லாதவர் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே உரிமத்தைத் தான் நிறுத்தி வைக்க நேரும் என்றும், மைக்கை அணைத்துவிடச் சொல்லி வானொலி ஆளுக்கு உத்தரவு போடுவதாகவும் சொன்னார். எடைக்காரர் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நாய் விலகிவிட்டது, இறங்கலாம். பதிவில் இருக்கும் ஆபத்து அது ஒன்றுதான். அதை ஒழுங்காகச் சொன்னால் மாலையே உரிமத்தில் கையெழுத்து.

மேலாளர் கதவோரத்தில் நின்று கண்ணாலேயே கெஞ்சினார். மலைக்கு மேலே சின்னப் புள்ளியாக விமானம் தெரிந்தது.

இந்த இடத்தில் தைரியசாலி ஒருவர் இருந்திருந்தால் மைக்கைப் பிடுங்கி, பள்ளம் என்று கத்தியிருப்பார். முதல் சொல் முடிவதற்குள் மைக்கும் அணைந்திருக்கும். எடைக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. கத்தினால் தனக்கே பயம் வரும் ஆள். அவருக்கு வந்த வீரமும் அவருடைய அதிகார வரம்புக்குள்தான் வந்தது. வானொலி ஆள் நகர்ந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை அழுத்தினார்.

“கேப்டன், ஓடுபாதையில நாய் இருக்கு. இறங்காதீங்க.”

இணை இயக்குநர் வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாயைக் குனிந்து பார்த்தார்.

“எந்த நாய்?” என்றார் கேப்டன்.

“நம்ம நாய். இடது காது மடிஞ்சது.”

“நம்ம நாயா?”

“ஆமா. ஓடுபாதை முனையில, நீங்க முதல்ல சக்கரம் வைக்கிற இடத்துல நிக்குது.”

அந்த நாய்க்குக் காது வைத்தவரே கேப்டன்தான். அப்படி ஒரு நாய் உலகத்தில் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இல்லாத நாய் ஓடுபாதையில் நிற்கிறதென்று இந்தப் பயந்தாங்கொள்ளி மனிதர் சொன்னால் அங்கே வேறு என்னவோ இருக்கிறது என்பதும் தெரியும்.

“புரியுது” என்றார் கேப்டன். “நான் திரும்பிப் போறேன். நாயைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க.”

விமானம் அலுவலகத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்து மலைப் பக்கம் திரும்பியது. எடைக்காரர் மைக்கை விட்டுவிட்டு எழுந்தார்.

“நாய் இங்க இருக்கு” என்றார் இணை இயக்குநர்.

“அது வேற நாய் சார்.”

அவர் திட்டுவார் என்றுதான் எடைக்காரர் எதிர்பார்த்தார். இணை இயக்குநரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. காதைப் பார்த்ததுமே தனக்குச் சந்தேகம் வந்ததென்றும், இருக்கும் நாய் அசல் நாயே இல்லை என்றும், இது தெளிவான ஆள்மாறாட்டம் என்றும் சொல்லி, ‘பார்வைக் கோணம்’ என்ற குறிப்பை அடித்தார். அசல் நாய் பிடிபடும் வரைக்கும் சேவை நிறுத்தப்படுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார். மேலாளர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. பிறகு அவரைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியதும் அவர் ஓடுபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். “என் தங்கச்சி வண்டியில இருந்தாளே மாப்ள” என்று மட்டும் சொன்னார்.

தங்கை மாலையில் கூப்பிட்டாள். நகரத்தில் பத்திரமாக இறங்கியிருந்தாள்.

“என்னங்க, பாதி வழியில திருப்பிட்டாரு. நாய்னு சொன்னாரு கேப்டன்.”

“ஆமா.”

“நம்ம நாயா?”

“ம்.”

“சரி, நான் பஸ்ல வர்றேன்” என்றாள்.

நாய் பிடிக்கும் குழு ஒன்று வந்தது. வலையோடும் நீளக் கழிகளோடும் ஊரைச் சுற்றியது. நாயைக் காணாதபோதெல்லாம் நாயின் தந்திரம் கூடிக்கொண்டே போவதாக அறிக்கை எழுதினார்கள். மூன்றாம் நிலையில் இருந்த ஆபத்து இரண்டுக்கு வந்தது, பிறகு ஒன்றுக்கு வந்தது. மேலாளர் இன்னொரு பக்கம் ஓடுபாதைப் பிரிவுக்குப் பள்ளத்தைப் பற்றி எழுதிப் பார்த்தார். சேவை நிறுத்தப்பட்டிருப்பதால் ஓடுபாதை பயன்பாட்டில் இல்லை, பயன்பாட்டில் இல்லாத ஓடுபாதைக்கு ஆய்வு தேவையில்லை என்று பதில் வந்தது. சேவை ஏன் நின்றிருக்கிறது என்று கேட்டு எழுதியபோது, நாயால் என்று சரியாகவே பதில் சொன்னார்கள்.

மனைவி அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் வந்தாள். பேருந்திலிருந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. சாப்பிட்ட கையோடு கிளம்ப வேண்டியிருந்தது. நகரத்திலேயே ஒரு அறை பார்க்கலாமா, நீங்களும் வந்துவிடுகிறீர்களா என்று கேட்டாள். அங்கே எடை போடும் வேலை கிடைக்குமா என்று எடைக்காரர் கேட்டார். கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கை கழுவிவிட்டு வந்தவள் துண்டைத் தோளில் போட்டபடி சொன்னாள். “செத்துப்போச்சுன்னு எழுதிடுங்க.”

“யாரு?”

“நாய்தான். ஆஸ்பத்திரியில ஒரு கேஸை முடிக்கிறதுக்கு ரெண்டே வழி. ஒண்ணு டிஸ்சார்ஜ். உங்க நாய் டிஸ்சார்ஜ் ஆகாது.”

எடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இயற்கை மரணம் என்றால் உடலைக் கேட்பார்கள் என்றார். வண்டியில் அடிபட்டது என்றால் வண்டி எண் கேட்பார்கள் என்றார். அவர் தட்டிக்கழிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வார்டில் பிடிவாதம் பிடிக்கும் நோயாளிகளிடம் பேசும் குரலில் கேட்டாள்.

“அப்ப நீங்களே சொல்லுங்க. எப்படிச் செத்துச்சு?”

அவர் தன் முழங்காலைத் தடவினார். பள்ளத்தில் சிராய்த்த வடு இன்னும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மறுநாள் அவர் எழுதியதில்தான் அந்தப் பள்ளம் முதல் முறையாக அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. பதிவான நாய், தப்பி ஓடும் முயற்சியில், ஓடுபாதையின் முனையில் இருக்கும் ஆழமான பள்ளத்தில் விழுந்து உயிரிழந்தது. உடல் தாருக்கு அடியில் சிக்கியிருப்பதால் வெளியே எடுக்க இயலவில்லை. நான்கு வரிதான். அதை எழுத அவருக்கு ஒரு பகல் ஆயிற்று. இடையில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இயக்ககம் இவ்வளவு வேகமாக இயங்கி யாரும் பார்த்ததில்லை. ஓடுபாதைப் பிரிவு வாயே திறக்கவில்லை. இறந்த விலங்கு விலங்குகள் பிரிவுக்குச் சொந்தம். அழுகும் உடல் பறவைகளை ஈர்க்கும், பறவைகள் எஞ்சினுக்கு ஆபத்து, ஆகவே இருக்கும் இடத்திலேயே உடனடியாக அடக்கம் செய்ய உத்தரவு ஆனது. மற்ற விலங்குகள் தோண்டிவிடாதபடி ஜல்லி கொட்டி இறுக்க வேண்டும். நாற்றம் வெளியே வராதபடி கான்கிரீட் போட வேண்டும். அடக்கம் செய்த இடம் கண்ணை உறுத்தாதபடி மேலே தார் போட்டுச் சமப்படுத்த வேண்டும். லாரிகள் வந்தன, சாலை உருளை வந்தது. உள்ளே கூடாகக் கிடந்த இடமெல்லாம் நிரம்பும் வரைக்கும் கொட்டினார்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு ஜல்லியா என்று லாரிக்காரர் ஒருவர் கேட்டபோது, பெரிய நாய் என்றார் மேலாளர்.

சேவை மறுபடி தொடங்கிய நாளில் இணை இயக்குநர் வந்தார். புதுத் தாரின் ஓரத்தில் எல்லாரையும் மஞ்சள் சட்டையோடு வரிசையாக நிற்கவைத்தார். மேலாளர் மைக் ஏற்பாடு செய்திருந்தார்.

“ஒரு ஆபத்தைக் கண்டுபிடிச்சு, பதிவு பண்ணி, வருஷக்கணக்கா கண்காணிச்சு, கடைசியில முழுசா முடிச்சு வச்சது எங்க துறை வரலாற்றுல இதுதான் முதல் தடவை” என்றார் இணை இயக்குநர். “மத்த ஆபத்தெல்லாம் இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. இங்க இப்ப பள்ளம் இருக்கான்னு சில பேர் கேட்கலாம். பள்ளமே இல்லாத இடத்துல நாய் எப்படி விழுந்ததுன்னும் கேட்கலாம். அது எங்க பிரிவு இல்ல. நாங்க நாயை மட்டும்தான் பார்த்தோம். அதையும் நாங்க பார்க்கலை. பார்க்காமலே முடிச்சோம். அதுதான் நிர்வாகம்.”

கை தட்டினார்கள். உரிமத்தில் கையெழுத்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் மலைக்கு மேலே புள்ளி தெரிந்தது. எடைக்காரர் வானொலி அறைக்குப் போய், இறங்கலாம் என்று மைக்கில் சொல்லிவிட்டு வந்தார். நாய் இறந்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்லும்படிதான் உத்தரவு. அது மட்டும் அவர் வாயில் வரவில்லை.

சக்கரங்கள் சரியாகப் புதுத் தாரின்மேல் பதிந்தன. ஒரு குலுக்கல்கூட இல்லை. விமானம் ஓடி வந்து நின்றது. மனைவி குனிந்து இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

மஞ்சள் சட்டை போட்ட வரிசையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி மட்டும் ஓடுபாதை முனையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். அடக்கப் பார்க்கிறார் என்பதும் அடங்கவில்லை என்பதும் தூரத்திலிருந்தே தெரிந்தது. இணை இயக்குநர் அதைக் கடமையுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

“என்னங்க இது” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “எல்லாரும் பார்க்கிறாங்க. இல்லாத நாய்க்கு யாராவது அழுவாங்களா?”

“தெரியும்” என்றார் எடைக்காரர். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நல்ல நாய்.”

அவள் சிரிக்கப்போனாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஓடுபாதை முனையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே நின்றாள்.